நூல் வேறு, பிரதி வேறு: எழுத்து உலகங்களின் காலி அலமாரிகள்

திரையில் வரிகள் ஓடி நிற்கின்றன. நீங்கள் ஒரு பெரிய நூலகத்துக்குள் வந்திருக்கிறீர்கள். கூரையைத் தொடும் அலமாரிகள், தோலட்டை போட்ட தடித்த புத்தகங்கள், மேசையில் பாதி எரிந்த மெழுகுவத்தி. ஆசையோடு ‘புத்தகத்தைப் படி’ என்று கட்டளை கொடுக்கிறீர்கள். ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று பதில் வருகிறது. ‘அலமாரியைப் பார்’ என்றாலும் அதே பதில்தான். கடைசியில் ‘மெழுகுவத்தியைப் பார்’ என்று கேட்டால், அதற்கு மட்டும் நான்கு வரி வர்ணனை வருகிறது.

‘மட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எழுத்துவழி இணைய விளையாட்டுகளில் கொஞ்ச நாள் குடியிருந்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல. இந்த உலகங்களில் படம் கிடையாது, ஒலி கிடையாது. வாள், மழை, அரக்கன், அரண்மனை எல்லாமே எழுத்து. அப்படிப்பட்ட இடத்தில் எழுதப்பட்ட நூலுக்கு மட்டும் இருக்க இடமில்லை என்பது விசித்திரம். வாளுக்கு எடை உண்டு, கூர்மை உண்டு, விலை உண்டு. புத்தகத்துக்குப் பல ஆட்டங்களில் அட்டை மட்டும்தான் உண்டு.

இது யாரோ சோம்பேறித்தனமாக விட்டுவிட்ட குறை அல்ல. புத்தகத்தை இந்த விளையாட்டுகளின் நிரல் எப்படிப் புரிந்துகொண்டது என்பதிலிருந்து வந்த குறை. அதைப் புரிந்துகொள்ள முன்கதை கொஞ்சம் வேண்டும்.

1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பிடிபி-10 கணினியில் முதல் மட் விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் பின்னர் அதை ஏற்று வளர்த்தார். பத்தாண்டுகளில் அது பல கிளைகளாகப் பிரிந்தது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் உருவாக்கிய டைனிமட், அதே ஆண்டு ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட், 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ, 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிக்குமட். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் எழுத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை இவற்றின் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள். புத்தகத்தைப் பற்றிய இவற்றின் எண்ணமும் பரம்பரைச் சொத்தாகவே இறங்கி வந்திருக்கிறது.

விளையாட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதுவது யார் என்று கேட்கலாம். நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒரு கதாபாத்திரமாகவே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு வாழ்பவர்களுக்குச் சொல்ல விஷயம் சேர்ந்துவிடுகிறது: நகரங்களுக்கிடையே நடந்த போரின் வரலாறு, ஒரு சங்கத்தின் சட்டதிட்டம், மூலிகைகளின் பட்டியல், எதிரியைப் பழித்து ஒரு கவிதை, கற்பனைக் கடவுளுக்கு ஒரு தோத்திரம். 1997இல் வந்த அகேயா, 2004இல் வந்த லஸ்டர்னியா போன்ற ஆட்டங்களில் நகரங்களுக்கு நூலகங்கள் உண்டு. ஆட்டக்காரர்களே எழுதிய நூல்கள் அங்கே இருக்கின்றன. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் சம்பளம் கொடுத்து எழுத வைத்தாலும் இவ்வளவு எழுத்து கிடைக்காது.

ஆயிரம் எழுத்துத் தாள்

டிக்குமட்டின் வழியில் 1993இல் வெளிவந்த சர்க்கிள்மட் என்ற நிரலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி எல்சன் உருவாக்கியது. நிரல் வெளிப்படையாகக் கிடைப்பதால் எண்ணற்ற சிறு ஆட்டங்கள் அதன்மேல் கட்டப்பட்டன.

அதில் எழுத வேண்டுமானால் கையில் தாளும் பேனாவும் இருக்க வேண்டும். இல்லாமல் வெறுமனே ‘எழுது’ என்றால், ‘எதால்? எதன்மேல்? என்னதான் செய்யப் பார்க்கிறாய்?!’ என்கிற பாணியில் ஆட்டம் எரிந்து விழும். எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். எழுதுகிறவர்களிடம் உலகம் கேட்கும் கேள்விதானே. தாளும் பேனாவும் கிடைத்து எழுதத் தொடங்கினால், அறையில் இருப்பவர்களுக்கு நீங்கள் ஏதோ குறித்துக்கொள்வதாக ஒரு வரி போகும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்ற குறிப்பு ஒட்டிக்கொள்ளும். யாராவது உங்களிடம் பேச முயன்றால், ‘அவர் எழுதிக்கொண்டிருக்கிறார், பிறகு வாருங்கள்’ என்று ஆட்டமே வாசலில் நின்று சொல்லிவிடும். அறையில் நடப்பதும் உங்கள் காதில் விழாது. இதைக் குறை என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எழுதும்போது உலகத்தை விட்டு விலகுவது இயல்பு என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிரலர் இவ்வளவு அழகாகப் புரிந்துவைத்திருந்தார்.

ஆனால் அடுத்தது அழகாக இல்லை. தாளின் கொள்ளளவு ஆயிரம் எழுத்து. நிரலில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘தோன்றியபடி வைத்தது’ என்று பொருள்படும் ஒரு சொல் குறிப்பாக இருக்கிறது. ஒரு வரிக்கு 256 எழுத்து என்று இன்னோர் எல்லை. பழைய பதிப்புகளில், எழுதிய தாளில் மறுபடி பேனாவை வைத்தால் ‘இதில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருக்கிறது’ என்று தடுத்துவிடும். பிழை திருத்தம், தொடர்ச்சி, பின்குறிப்பு எதற்கும் வழியில்லை. பின்னால் வந்த பதிப்பு இதைத் தளர்த்தியது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. இரவு ஆட்டத்தை விட்டுப் போகும்போது விடுதியில் அறை எடுத்து, உடைமைகளை ஒப்படைத்துவிட்டுப் போவது அதில் வழக்கம். அப்போது ஒவ்வொரு பொருளைப் பற்றியும் சேமிக்கப்படுவது அதன் வகை எண், எடை, இன்னும் சில எண்கள். தாளில் எழுதியிருப்பது அந்தப் பட்டியலில் கிடையாது. மறுநாள் திரும்பி வந்தால் வாள் அதே வாளாக இருக்கும். தாள் வெள்ளைத் தாளாக இருக்கும்.

காரணம் எளிது. உலகத்தில் ஒரே வகை வாள் நூறு இருந்தாலும் வாளின் வர்ணனை ஓரிடத்தில் இருந்தால் போதும். ‘3022ஆம் வகை வாள் ஒன்று’ என்று குறித்தால் முடிந்தது. எல்லாப் பொருளையும் அந்த அச்சிலேயே வார்த்தார்கள். தாளும் ஒரு பொருள், ஆகவே அதற்கும் அதே அச்சு. எழுதப்பட்டது ஒவ்வொரு தாளிலும் வேறு வேறாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த அச்சில் இடமே இல்லை.

அறிவிப்புப் பலகை மட்டும் இதற்கு விலக்கு. அதிலுள்ள செய்திகள் தனிக் கோப்பில் சேமிக்கப்படும். அதனால்தான் சர்க்கிள்மட் வழி வந்த பல ஆட்டங்களில் ‘நூலகம்’ என்று பெயர் வைத்த அறைக்குள் போனால் ஒரு அறிவிப்புப் பலகை தொங்கும். அதிலும் மூல நிரலில் அறுபது செய்திதான். அறுபத்தொன்றாவது நூல் வேண்டுமானால் ஒன்றைக் கிழிக்க வேண்டும்.

பூட்டலாம், எரிக்கலாம்

லாம்டாமூவின் குடும்பம் இதில் வெகுதூரம் முன்னால் நின்றது. அங்கே ‘குறிப்பு’ என்பது பிறப்பிலேயே ஒரு தனி இனம். அதில் வரி சேர்க்கலாம், குறிப்பிட்ட வரியை நீக்கலாம், முழுவதும் அழிக்கலாம். இன்னார் மட்டுமே படிக்கலாம் என்று பூட்டலாம். குறிப்பின் தங்கைபோல் ‘கடிதம்’ என்று ஒன்று உண்டு. அதைப் படிக்க உரிமையுள்ளவர் யாராக இருந்தாலும் எரித்துவிடலாம். எழுதியவருக்கு அழிக்கும் உரிமை இருப்பது சாதாரணம். பெற்றவருக்கும் அந்த உரிமை உண்டு என்பதில்தான் அது கடிதமாகிறது. உலகம் முழுவதும் சர்வரின் நினைவகத்தில் இருந்து, அவ்வப்போது வட்டில் பதியப்படுவதால், எழுதியது மறுநாளும் இருக்கும்.

லாம்டாமூவில் எடிட்டர், அதாவது எழுதித் திருத்தும் கருவி, என்பதே ஓர் அறை. குறிப்பைத் திருத்தப் போனால் நீங்கள் இருந்த இடத்திலிருந்து மறைந்து அந்த அறைக்குள் போய்விடுவீர்கள். அங்கே ‘பேசினால்’, பேசியது உங்கள் பிரதியில் ஒரு புதிய வரியாக விழும். மற்ற இடங்களில் ‘சிரிக்கிறான்’, ‘தலையசைக்கிறான்’ என்று நடித்துக் காட்டப் பயன்படும் கட்டளை, இங்கே முந்தைய வரியின் வாலில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கற்க வேண்டியது அநேகமாக எதுவுமில்லை. பேசத் தெரிந்தால் எழுதலாம்.

இதற்கு நேர் எதிர்முனை எல்பிமட். அங்கே உலகத்தைக் கட்டும் ‘மந்திரவாதிகளுக்கு’ யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1969 வாக்கில் பிறந்த ‘எட்’ என்ற எடிட்டரின் வழித்தோன்றல் ஒன்று கொடுக்கப்பட்டது. எழுதி முடித்ததற்கு அடையாளம், தனி வரியில் ஒற்றைப் புள்ளி. மூல எடிட்டரில் நீங்கள் என்ன தவறு செய்தாலும் வரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. கணினித் துறை மாணவர்களுக்கு அது பழகிய மொழி. ஒரு கவிஞர் அதில் வெண்பா எழுதித் தளை பார்க்க வேண்டும் என்றால் கவிதையே வேண்டாம் என்று போய்விடுவார்.

லாம்டாமூவிலும் சிக்கல்கள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இத்தனை பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) என்று பங்கீடு வந்தபின், நீண்ட நூல் எழுதுகிறவர் தன் வீட்டின் சோபாவை விற்று எழுத வேண்டியதாயிற்று. நெடுநாள் வராதவர்களின் கணக்குகள் களையெடுக்கப்பட்டன. கணக்கோடு அவர்களின் பொருள்களும் போயின. ஒரு பொருளை மறுசுழற்சிக்கு அனுப்பினால் அதன் எண் வேறொரு புதிய பொருளுக்குப் போகும். நூலகப் பட்டியலில் எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தால், ஓராண்டு கழித்து அந்த எண்ணைத் தேடிப் போகிறவருக்கு வரலாற்று நூலுக்குப் பதில் யாரோ ஒருவரின் ரப்பர் வாத்து கிடைக்கலாம்.

இரண்டையும் பிரித்தால்

தமிழில் நமக்கு இதைச் சொல்ல இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன: நூல், பிரதி. ‘அந்த நூலைப் படித்திருக்கிறேன்’ என்றால் எந்தப் பிரதி என்று யாரும் கேட்பதில்லை. ‘என் பிரதியைக் கரையான் அரித்துவிட்டது’ என்றால் நூல் அழிந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. மட் விளையாட்டுகளின் பெரும்பிழை இந்த இரண்டையும் ஒரே பொருளாக்கியதுதான். நூலகத்தை மேம்படுத்த நினைக்கிற ஒருவர் வேறெதையும் தொடுவதற்கு முன் இதைப் பிரிக்க வேண்டும்.

செய்முறை கடினமல்ல. தகவல்தளத்தில் ‘நூல்கள்’ என்று ஒரு தனி அட்டவணை. அதில் நூலின் நிரந்தர எண், தலைப்பு, எழுதியவர், ஆட்ட நாட்காட்டியின்படி தேதி, பதிப்பு எண், பாடம் (அதாவது நூலில் எழுதியிருப்பது). உலகத்தில் கைமாறும் புத்தகம் என்ற பொருளில் இருக்க வேண்டியது ‘இந்த நூலின் இந்தப் பதிப்பு’ என்ற குறிப்பு மட்டுமே. அப்போது புத்தகத்தைத் திருடலாம், ஆற்றில் போடலாம், விடுதியில் ஒப்படைக்கலாம். எண்கள் மட்டுமே சேமிக்கப்படும் பழைய நிரலிலும் அது பிழைத்துவிடும், ஏனென்றால் நூலின் எண்ணும் ஓர் எண்தான். பைதான் மொழியில் 2006 முதல் வளர்ந்துவரும் எவென்னியா போன்ற கட்டமைப்புகளில் தகவல்தளம் உள்ளேயே இருப்பதால் இது ஒருநாள் வேலை. பழைய சி மொழி நிரல்களிலும், நூலுக்கொரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடியும்.

பிரித்தவுடன் ஒரு சுவையான கேள்வி எழும். ஆசிரியர் நூலைத் திருத்தினால், ஏற்கெனவே ஊர்களில் பரவியிருக்கும் பிரதிகளும் மாற வேண்டுமா? நிரலருக்கு மாறுவதுதான் வசதி. பாடம் ஓரிடத்தில்தானே இருக்கிறது. நான் மாறக் கூடாது என்பேன். போரில் தோற்ற ஒரு தளபதி, போருக்கு முன் தான் எழுதிய நூலில் ‘வெற்றி உறுதி’ என்ற அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இரண்டாம் பதிப்பு கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரி நகரத்தின் நூலகத்தில் முதல் பதிப்பு இருக்கிறது. அதைத் திருடிக்கொண்டு வர இரவில் ஓர் ஆள் போகிறான். இந்தக் கதையை எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் எழுதவில்லை. பதிப்பு எண் என்ற ஒரு கட்டம் எழுதியது. திருத்தம் தானாகப் பரவும் ஆட்டத்தில் இது நடக்காது.

பெயர்த்தெழுதுவதற்கும் விதி வைக்கலாம். எழுத்து விளையாட்டு அல்ல என்றாலும், மைன்கிராஃப்ட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது: மூலத்திலிருந்து பிரதி எடுக்கலாம், பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கலாம், அதற்கு மேல் எடுக்க முடியாது. மூலம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அதனால் மதிப்பு வருகிறது. அதே மைன்கிராஃப்ட்டுக்குள் 2020 மார்ச்சில் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஒரு நூலகம் திறந்தது. சில நாடுகளில் தணிக்கை செய்யப்பட்ட கட்டுரைகளை விளையாட்டுப் புத்தகங்களாக அலமாரியில் வைத்தார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகம் உண்மையான புத்தகமாகவே நடந்துகொள்ள முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

எழுதும் கருவி

எடிட்டர் விஷயத்தில் வியப்பான செய்தி, இது 1990களிலேயே தீர்க்கப்பட்ட பிரச்சினை என்பது. லாம்டாமூவின் மூ குடும்பத்துக்கென்று ‘எம்சிபி’ என்ற நெறிமுறை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதி, ஒன்று உருவானது. அதில் எளிய திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. நூலைத் திருத்த வேண்டும் என்றால் சர்வர் முழுப் பாடத்தையும் ஆட்டக்காரரின் கணினிக்கு அனுப்பிவிடும். அங்கே அவருக்குப் பழகிய சாதாரண எடிட்டர் சாளரம் திறக்கும். எழுதிச் சேமித்ததும் பாடம் சர்வருக்குத் திரும்பும். அகேயாவை நடத்தும் நிறுவனத்தின் ஆட்டங்கள் ‘ஜிஎம்சிபி’ என்ற வேறு நெறிமுறையில் இதே வசதியை வைத்திருக்கின்றன. மட் ஆடப் பயன்படும் மட்லெட் என்ற இலவசச் செயலியில் அதற்கான எழுதும் சாளரம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் டிக்குமட் வழி வந்த எண்ணற்ற சிறு ஆட்டங்கள் இதைத் தொடவே இல்லை. அங்கே இன்றும் வரிவரியாக, திரும்பிப் பார்க்க முடியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள்.

வெளிச் சாளரம் வைக்க முடியாதவர்கள் உள்ளிருக்கும் வரி எடிட்டரையாவது மனிதர் பயன்படுத்தும்படி செய்யலாம். எவென்னியாவின் எடிட்டரில் செய்த திருத்தத்தைத் திரும்பப் பெற ஒரு கட்டளை உண்டு. சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் எழுதிக்கொண்டிருந்தது தொலையாமல் இருக்க வழியுண்டு. இந்த இரண்டில் இரண்டாவதுதான் முக்கியம். நான் ஒரு ஆட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு கிராமத்துச் சந்தையைப் பற்றி மூன்று மணி நேரம் எழுதினேன். மழை. மின்சாரம் போய் வந்தது. திரும்ப உள்ளே போனபோது என் கதாபாத்திரம் வெற்றுத் தாளோடு சந்தையின் நடுவே நின்றுகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் என்ன எழுதினாய் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து வெளியே ஒரு கோப்பில் எழுதி, வெட்டி ஒட்டுகிறேன். ஒட்டும்போது நீண்ட பத்திகள் வரி எல்லையில் அறுபடுகின்றன. அது வேறு துன்பம்.

வரைவைத் தானாகச் சேமிப்பது, வெளியிடுவதற்கு முன் படித்துப் பார்க்க வழி, ‘வெளியிடு’ என்பது ‘சேமி’ என்பதிலிருந்து தனிக் கட்டளையாக இருப்பது: இவை போதும். தடித்த எழுத்து, வண்ணம், படச்சட்டம் எல்லாம் ஆசைக்குத்தான். வண்ணக் குறியீடுகளை எழுத்தாளர் கையில் கொடுத்தால் ஒரு பக்கத்தில் மூடாமல் விட்ட சிவப்பு அடுத்த பக்கம் வரை வழியும். அந்தக் குறியீடுகளும் எழுத்துக் கணக்கில் சேர்ந்து பக்கத்தை முறிக்கும். கோடுகளாலும் நட்சத்திரங்களாலும் பக்கத்துக்குச் சட்டம் போடுவது இன்னும் மோசம். எழுத்து விளையாட்டுகளில் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். திரைவாசிப்பான் அந்தச் சட்டத்தை ‘நட்சத்திரம் நட்சத்திரம்’ என்று வாசித்து முடிப்பதற்குள் புத்தகத்தின் மேல் ஆசையே போய்விடும்.

பாதுகாப்பிலும் ஒரு கண் வேண்டும். டிக்குமட்டின் வழி வந்த மெர்க் குடும்பத்து நிரலில் ஆட்டக்காரர் எழுதியதில் வரும் அலைக்குறியை (~) பிடித்து இணைப்புக்கோடாக மாற்றும் சிறு செயல்கூறு இருக்கிறது. கோப்பில் ஒரு பாடம் முடிந்தது என்பதற்கு அலைக்குறிதான் அடையாளம். எழுதுகிறவர் அதைத் தெரிந்தோ தெரியாமலோ போட்டுவிட்டால் அடுத்த முறை கோப்பைப் படிக்கும்போது எல்லாம் குழம்பும். நூலைக் கோப்பில் வைக்கும் ஆட்டங்களுக்கு இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். இன்னொரு குறும்பு படிக்கிறவரைக் குறிவைப்பது. பலர் தங்கள் செயலியில், குறிப்பிட்ட வரி திரையில் வந்தால் தானாகக் கட்டளை கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். ‘தலைவர் உன் தங்கத்தைக் கேட்கிறார்’ என்ற வரியை யாராவது புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் எழுதி வைத்தால், படிக்கிறவரின் பை காலியாகலாம். புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறு இடைவெளியோ குறியோ வைத்தால் இந்த வம்பு அநேகமாகத் தீர்ந்துவிடும்.

நான்கு எழுத்து, பதினெட்டு பைட்

‘நூலகம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நூ, ல, க, ம். நான்கு. பைதானிடம் கேட்டால் ஆறு என்று சொல்லும். ஊகாரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனி எழுத்துகள். சி மொழியில் எழுதிய சர்வரிடம் கேட்டால் பதினெட்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். தலைப்புக்கு 16 பைட் எல்லை வைத்த ஆட்டத்தில் இந்தச் சொல்லைத் தலைப்பாகக் கொடுத்தால் ‘நூலகம’ என்று வந்து, முடிவில் புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு உடைந்த கட்டமாக நிற்கும்.

முதல் குறள் இடைவெளி சேர்க்காமலே 117 பைட். சர்க்கிள்மட்டின் ஆயிரமும் பைட் கணக்குதான்; அதில் அதே நீளமுள்ள குறள்கள் ஏழெட்டுக்கு மேல் ஏறாது. பத்துக் குறள் கொண்ட ஓர் அதிகாரம் முடிவதற்குள் தாள் தீர்ந்துவிடும். உண்மையில் அந்த இடத்துக்கே போக முடியாது. உள்ளே வரும் எழுத்து ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துத் தொகுதியில் உள்ளதுதானா என்று சர்க்கிள்மட் ஒவ்வொன்றாகச் சோதித்து, அல்லாததைச் சத்தமில்லாமல் வீசிவிடும். நீங்கள் குறள் எழுதி அனுப்பினால் இடைவெளிகள் மட்டும் போய்ச் சேரும்.

இதில் ஆட்டக்காரரையும் சர்வரையும் இணைக்கும் பழைய நெறிமுறையான டெல்நெட்டின் மேல் பழி போடுவது வழக்கம். அது நியாயமில்லை. டெல்நெட் தன் சொந்தக் கட்டளைகளுக்கு 255 என்ற பைட்டை அடையாளமாக வைத்திருக்கிறது. யூடிஎஃப்-8இல் 255 என்ற பைட் எங்குமே வருவதில்லை. ஆக, தமிழ் அந்தக் குழாய் வழியே சிந்தாமல் போகும். தடுப்பது குழாயின் மறுமுனையில் இருக்கும் வடிகட்டிதான். எல்லைகளைப் பைட்டில் அளக்காமல் பயனருக்குத் தெரியும் எழுத்தில் அளந்து, அந்த வடிகட்டியையும் எடுத்துவிட்டால் தமிழில் நூல் எழுதலாம். நூலின் மொத்த அளவுக்கு இன்றைய வட்டுகளில் எல்லையே தேவையில்லை என்பது வேறு விஷயம். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் ஏறக்குறைய அறுபதாயிரம் பைட்டுக்குள் அடங்கிவிடும்.

படிப்பவர் பக்கம்

பாடத்தை வரிவரியாக உடைத்துச் சேமிப்பது இன்னொரு பழைய பழக்கம். எண்பது எழுத்து அகலமுள்ள முனையத்தில் எழுதியவர் தன் கையால் முறித்த வரிகள், கைபேசியில் படிப்பவருக்கு ஒரு நீள வரி, ஒரு குட்டை வரி என்று நொண்டியடிக்கும். பத்தியைப் பத்தியாகவே சேமித்து, படிக்கும்போது திரையின் அகலத்துக்கு மடித்துக் கொடுக்க வேண்டும். திரை எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொள்ள டெல்நெட்டிலேயே வழியிருக்கிறது; 1988இல் வகுக்கப்பட்டது. ஓர் அடையாளத்தாள் வசதியும் வேண்டும். அரக்கன் வந்துவிட்டான் என்று பாதியில் மூடிய புத்தகம், திரும்பத் திறக்கும்போது விட்ட இடத்தில் திறக்க வேண்டும்.

பட்டியல் என்று வரும்போது எல்லோரும் தேடு வசதியைக் கேட்கிறார்கள். ஆசிரியர், தலைப்பு, பொருள் இவற்றில் தேடினால் போதும். பாடம் முழுவதிலும் தேட விடுவது எனக்கு உடன்பாடில்லை. ரகசியச் சுரங்கத்தின் வழி ஒரு பழைய பயண நூலில் இருக்கிறது என்றால், அதைப் படித்துக் கண்டுபிடிப்பவருக்கும் ஒரு சொல்லைத் தட்டி எடுப்பவருக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய நூலகர் இருக்கிறார். நூலகர் பதவியை ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுங்கள். அலமாரி பிரிக்க, புதிய நூலை ஏற்க, இரவல் கொடுக்க, திருப்பித் தராதவரை விரட்ட அவருக்குக் கட்டளைகள் கொடுங்கள். எதை அலமாரியில் வைக்கிறார், எதை வைக்க மறுக்கிறார் என்பதிலேயே நகரத்துக்குள் ஓர் அரசியல் முளைத்துவிடும். ஆபாசத்தையும் தனிமனிதத் தாக்குதலையும் வடிகட்டுவது மட்டும் ஆட்டத்தை நடத்துகிறவர்களின் பொறுப்பாகவே இருக்கட்டும். அதை நூலகரின் தலையில் கட்டினால் ஒரே மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

புனைபெயருக்கு இடம் வேண்டும். ஆசிரியர் பெயர் என்று அட்டையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தக் கணக்கிலிருந்து எழுதப்பட்டது என்பது உள்ளே தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆசிரியரின் கணக்கு அழிக்கப்பட்டாலும் நூலில் அவர் பெயர் எழுத்தாகவே நிற்க வேண்டும். பெயருக்குப் பதில் கணக்கு எண்ணை மட்டும் வைத்திருந்தால் கணக்கு போன அன்றே நூல் அநாதையாகிவிடும்.

நூலகத்தை எரிக்க விடலாமா? விடலாம். பிரதிகள் எரியட்டும். ஒரு நகரம் வீழ்ந்தால் அதன் புத்தகங்கள் போவது ஆட்டத்தில் உண்மையான இழப்பாக இருக்க வேண்டும். தகவல்தளத்தில் நூல் பத்திரமாக இருக்கும் என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். எங்கோ ஒரு மலைக் குடிசையில் கடைசிப் பிரதி இருப்பதாக ஐந்து மாதம் கழித்து அவர்கள் ஒரு வதந்தியைக் கிளப்பிவிடலாம்.

ஆட்டமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பது அப்படி விளையாட்டாகச் சொல்லக்கூடியதல்ல. முதல் டைனிமட் 1989 ஆகஸ்டில் தொடங்கி 1990 ஏப்ரலில் முடிந்துவிட்டது. சிறு ஆட்டங்கள் பலவற்றின் சர்வர் ஒருவரின் சொந்தச் செலவில் ஓடுகிறது. அவருக்கு வேலை மாறினால், குழந்தை பிறந்தால், ஒருநாள் இணைப்பு நின்றுவிடும். அதனால் எழுதியவர் தன் நூலைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ள ஒரு கட்டளை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அந்தக் கோப்பின் தலையில் எந்த உலகம், எந்தக் கதாபாத்திரம், எத்தனையாம் பதிப்பு என்ற மூன்று வரியும் தானாக வந்துவிட வேண்டும். அவை இல்லாத கோப்புகள் இரண்டு என் கணினியில் கிடக்கின்றன. ஒன்றில் ஒரு துறைமுகத்தின் சுங்க விதிகள் பதினான்கு பக்கத்துக்கு எழுதப்பட்டிருக்கின்றன. நடையைப் பார்த்தால் நான் எழுதியதுதான். எந்தத் துறைமுகம் என்றுதான் தெரியவில்லை.